ஒரு தங்கையின் மரணம், ஓர் அக்காவின் வைராக்கியம்



நம்ம குழுக்களில் பிள்ளை பெற்ற பலருக்கும் ஒரு பெயர் நல்லாத் தெரியும். மாசமானதும் செவிலியரம்மாவிடம் பதிவு செய்து, வங்கிக் கணக்கு எண் கொடுத்து, தவணை தவணையாக வரும் பணத்துக்குக் காத்திருப்போமே, அந்தத் திட்டத்தின் பெயர்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். பெயர் தெரியும், ஆனால் ஆள் யாரென்று கேட்டால் நம்மில் பலருக்குச் சொல்லத் தெரியாது. பிரசவ உதவித் திட்டத்துக்கு அந்த அம்மா பெயரை வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் வாழ்க்கையில் பட்ட பெரிய வலிகளில் ஒன்று புற்றுநோய். அந்த வலியில் இருந்துதான் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. அதைக் கட்டியது ஒரு பெண்கள் சங்கம். நம்மைப் போலக் கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, காசு சேர்த்த பெண்கள். அதனால்தான் இந்த மலரில் அந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

யார் இந்த முத்துலட்சுமி?

புதுக்கோட்டையில் 1886 ஜூலை 30-ல் பிறந்தவர். அப்பா நாராயணசாமி அய்யர் கல்லூரி ஆசிரியர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபுக் குடும்பத்தில் பிறந்தவர். பெண் பிள்ளை பள்ளிக்கூடம் போவதே அதிசயமாக இருந்த காலம் அது. ஆண்கள் மட்டும் படித்த புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமி போராடி இடம் வாங்கினார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் டாக்டர் பட்டத்தோடு வெளியே வந்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் தனிப் புத்தகமாக எழுத வேண்டியது. 1927-ல் சென்னை சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவர் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்கப் பல வருஷம் போராடினார். அதற்கான சட்டம் 1947-ல் வந்தது. ஆதரவில்லாத பெண் பிள்ளைகளுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். இதெல்லாம் பாடப் புத்தகத்திலேயே கொஞ்சம் இருக்கிறது. நம்ம கதை அவருடைய வீட்டுக்குள் நடந்தது.

1923-ல் நடந்தது என்ன?

முத்துலட்சுமிக்கு ஒரு தங்கை இருந்தார். சின்ன வயசு. அவருக்கு வயிற்றுப்போக்கும் ரத்தப்போக்கும் வந்தது. பார்த்த டாக்டர்கள் சீதபேதி என்று நினைத்து அதற்கு மருந்து கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் சீதபேதி வராத வீடே கிடையாது. அதனால் அப்படி நினைத்ததில் ஆச்சரியமும் இல்லை. ஆனால் அது சீதபேதி இல்லை. பெருங்குடலின் கடைசிப் பகுதியான மலக்குடலில் வந்த புற்றுநோய். உண்மை தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. 1923-ல் அந்தத் தங்கை இறந்துபோனார்.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அக்கா டாக்டர். அக்காவின் கணவர் சுந்தர ரெட்டியும் டாக்டர். பெரிய பெரிய வைத்தியர்களைக் கூப்பிட முடிந்த குடும்பம். அந்த வீட்டிலேயே இந்த நோய் வேறொரு நோயின் முகமூடி போட்டுக்கொண்டு ஒளிந்து நின்றது என்றால், நம்ம வீடுகளில் எப்படி ஒளிந்து நிற்கும் என்று பாருங்கள். அன்றைக்கு அதன் முகமூடி சீதபேதி. இன்றைக்கு நம்ம ஊரில் அதன் முகமூடி பெரும்பாலும் "மூலம்", "உடம்புச் சூடு", "ரத்தசோகை". அதைப் பிறகு பார்ப்போம்.

பெண்கள் சங்கம் கட்டிய ஆஸ்பத்திரி

தங்கையை இழந்த அக்கா அழுதுவிட்டு ஓயவில்லை. 1925-ல் மேற்படிப்புக்காக லண்டன் போனபோது, புற்றுநோய்க்கு என்றே அங்கே தனியாக நடந்த மருத்துவமனையைப் பார்த்தார். நம்ம ஊரிலும் இப்படி ஒன்று வேண்டும் என்று மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா மேடையிலேயே அந்த ஆசையைச் சொன்னார்.

ஆனால் ஆதரவு சுலபமாகக் கிடைக்கவில்லை. புற்றுநோய் வந்தால் சாவுதான், அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்பதுதான் அன்றைக்கு அதிகாரத்தில் இருந்தவர்களிடமும் இருந்த எண்ணம். பணம் இல்லை, இடம் இல்லை, நம்பிக்கையும் இல்லை.

அப்போது கைகொடுத்தது இந்திய மாதர் சங்கம். அடையாறில் 1917-ல் தொடங்கிய சங்கம் அது. பெண்களுக்கு ஓட்டுரிமை, பெண் கல்வி, குழந்தைத் திருமண ஒழிப்பு என்று பல காரியங்களை எடுத்துச் செய்தவர்கள். 1949-ல் அந்தச் சங்கத்தின் பெயரிலேயே புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கி, நன்கொடை கேட்டுப் பணம் சேர்த்தார்கள். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் மருத்துவமனை திறந்தது. அப்போது மொத்தம் 12 படுக்கைகள்தான்.

முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே அறுவை சிகிச்சை நிபுணர். 1955-ல் டாக்டர் சாந்தா என்ற இளம் மருத்துவர் வந்து சேர்ந்தார். முதல் மூன்று வருஷம் சம்பளமே வாங்காமல் வேலை பார்த்தார். அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது மாசம் 200 ரூபாயும் வளாகத்துக்குள்ளேயே தங்க இடமும். 2021 ஜனவரியில் இறக்கும்வரை அவர் அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. 1950-களின் கடைசியில் கனடாவில் இருந்து கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி அங்கே வந்தது. இன்று இந்தியா முழுவதிலும் இருந்து அங்கே நோயாளிகள் வருகிறார்கள். ஏழைகளுக்கு இலவசமாகவோ சலுகையிலோ சிகிச்சை என்பது தொடக்கத்தில் இருந்தே அதன் கொள்கை.

நம்ம ஊர் வரலாற்றோடும் இதைச் சேர்த்துப் பார்க்கலாம். அடையாறில் மருத்துவமனை திறந்தபோது நெய்வேலி நகரியம் பிறக்கவே இல்லை. நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பரில்தான் உருவானது. அடையாறில் அடிக்கல் நாட்டிய அதே நேரு 1957 மே 20-ல் இங்கே சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். நம்ம நகரியத்துக்கு மூத்த அக்கா அந்த ஆஸ்பத்திரி.

முன்னாடி பார்த்தால் பிழைக்கலாம், பிந்தினால் கஷ்டம்

அந்தத் தங்கை இறந்த காலத்தில் இந்த நோய்க்கு மருத்துவமே இல்லையா? இருந்தது. லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் என்ற அறுவை மருத்துவர் 1908-லேயே மலக்குடல் புற்றுநோயை முழுசாக வெட்டி எடுக்கும் முறையை எழுதி வைத்துவிட்டார். 1932-ல் அதே லண்டனில் கத்பர்ட் டியூக்ஸ் என்பவர், வெட்டி எடுத்த கட்டிகளை எல்லாம் சோதித்து ஒரு கணக்குச் சொன்னார். கட்டி குடல் சுவருக்குள்ளேயே இருந்தால் ஒரு நிலை. சுவரைத் தாண்டி வெளியே வந்தால் இரண்டாம் நிலை. நெறிக்கட்டிகளுக்குப் பரவிவிட்டால் மூன்றாம் நிலை. நோயாளி பிழைப்பது பெரும்பாலும் எந்த நிலையில் நோய் பிடிபட்டது என்பதைப் பொறுத்தே இருக்கிறது என்று அவர் காட்டினார்.

இன்றைய கணக்கும் அதையே சொல்கிறது. அமெரிக்கப் புள்ளிவிவரப்படி, பெருங்குடல் புற்றுநோய் குடலுக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால், 100 பேரில் சுமார் 90 பேர் ஐந்து வருஷத்தைத் தாண்டி வாழ்கிறார்கள். கல்லீரல், நுரையீரல் என்று பரவிய பிறகு கண்டுபிடித்தால், 100 பேரில் சுமார் 15 பேர்தான் தாண்டுகிறார்கள். அதே நோய்தான். கண்டுபிடித்த நேரம்தான் வேறு.

சுரங்கத்தில் வேலை பார்க்கும் வீட்டு ஆட்களிடம் கேட்டால் ஒரு விஷயம் சொல்வார்கள். நிலக்கரிப் படுகைக்கு அடியில் தண்ணீர் பெரிய அழுத்தத்தோடு நிற்கிறது. அதனால் இரவு பகலாக பம்ப் ஓடுகிறது. தண்ணீரை முன்கூட்டியே இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பொத்துக்கொண்டு விடும். தரை பொத்துக்கொண்ட பிறகு பம்ப் தேடி ஓடினால் என்ன பிரயோசனம்? குடலுக்குள் வளரும் கட்டிக்கும் இதே நியாயம்தான்.

கண்ணுக்குத் தெரியாத ரத்தம்

இந்த நோயில் நமக்குச் சாதகமாக ஒரு விஷயம் இருக்கிறது. இது ஒரே நாளில் வருவதில்லை. பெரும்பாலும் குடலின் உள்சுவரில் சின்ன மரு மாதிரி ஒரு சதை வளர்ச்சி வரும். அதைப் பாலிப் என்பார்கள். அது புற்றாக மாறச் சுமார் பத்து வருஷம்கூட ஆகலாம். அந்தப் பத்து வருஷமும் நமக்குக் கிடைத்த அவகாசம்.

அந்த அவகாசத்தைப் பயன்படுத்த இரண்டு வழிகள் வந்தன. முதல் வழி மலப் பரிசோதனை. பாலிப்பும் கட்டியும் கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் கசியும். அதை மலத்தில் தேடிக் கண்டுபிடிக்கலாம். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் 46,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பல வருஷம் ஆராய்ந்தார்கள். வருஷம் ஒருமுறை இந்த மலப் பரிசோதனை செய்துகொண்டவர்களிடம் இந்த நோயால் வரும் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 1993-ல் முடிவு வெளியானது. ஒரு சின்ன டப்பாவில் மலம் எடுத்துக் கொடுப்பதால் இத்தனை உயிர் தப்பியிருக்கிறது.

இரண்டாவது வழி கொலோனோஸ்கோப்பி. முனையில் கேமராவும் விளக்கும் உள்ள வளையும் குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பது. 1969-ல் நியூயார்க்கில் டாக்டர் ஷின்யாவும் டாக்டர் உல்ஃபும் இந்தக் குழாய் வழியாகவே பாலிப்பைச் சுருக்குக் கம்பியால் அறுத்து எடுத்துக் காட்டினார்கள். வயிற்றைக் கிழிக்காமல், புற்றாக மாறும் முன்பே வேரோடு எடுக்கும் வழி திறந்தது. முதல் நாள் பேதி மருந்து குடித்து வயிற்றைச் சுத்தம் பண்ணுவதுதான் கொஞ்சம் கஷ்டம். சோதனை பெரும்பாலும் அரை மணி நேரம், முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அம்பிளிக்கையில் நம்ம பெண்கள் காட்டியது

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நம்ம கிராமத்துப் பெண்களுக்கு நடக்குமா என்று கேட்கலாம். நடந்திருக்கிறது. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் ஒரு மருத்துவமனையை மையமாக வைத்து, 2000-ஆம் ஆண்டில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை தொடங்கினார்கள். 30 முதல் 59 வயது வரை உள்ள பெண்களில் 31,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்து பார்த்துக்கொண்டார்கள். சோதனை செய்தது பயிற்சி பெற்ற செவிலியர்கள். கருவி என்ன தெரியுமா? வினிகர் மாதிரியான அமிலக் கரைசலைத் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று வெறும் கண்ணால் பார்ப்பது. அவ்வளவுதான்.

அதன் முடிவு 2007-ல் உலகப் புகழ் பெற்ற லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. ஒரே ஒரு முறை செய்த பரிசோதனையால், சோதனை நடந்த ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. அது வேறு உறுப்பு, வேறு சோதனை என்பது உண்மை. ஆனால் வெட்கத்தை ஓரம் வைத்துவிட்டு நம்ம பெண்கள் முன்வந்தால் சாவை விரட்ட முடியும் என்பதை உலகத்துக்குக் காட்டியவர்கள் திண்டுக்கல் கிராமத்துப் பெண்கள். ஆகாதது எதுவும் இல்லை.

நம்ம வீட்டில் அது எப்படி ஒளிந்திருக்கும்?

இப்போது விஷயத்துக்கு வருவோம். மலத்தில் ரத்தம் பார்த்தால் நாம் என்ன செய்வோம்? யாரிடமும் சொல்ல மாட்டோம். வீட்டுக்காரரிடம் சொல்லக்கூட வாய் வராது. மோர் குடிப்போம், வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடுவோம், காரத்தைக் குறைப்போம். அதுவும் ஆகாவிட்டால், பேருந்து நிலையச் சுவரில் "மூலம் பௌத்திரம்" என்று ஒட்டியிருக்கும் விளம்பரத்தைப் பார்த்துப் போவோம். இதற்குள் ஆறு மாசம் ஓடிவிடும். தவணை கட்ட வேண்டும், பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டும், முந்திரி சீசன் முடியட்டும் என்று இன்னும் ஆறு மாசம்.

மலத்தில் ரத்தம் வந்தாலே புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது மூலமாகவோ வெடிப்பாகவோதான் இருக்கும். ஆனால் "மூலம்தான்" என்று முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர். நாமும் இல்லை, பக்கத்து வீட்டு அக்காவும் இல்லை, மருந்துக் கடைக்காரரும் இல்லை. மூலம் இருக்கிறவருக்கே உள்ளே மேலே கட்டியும் இருக்கலாம்.

இவற்றில் ஏதாவது ஒன்று மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள்:

மலத்தில் சிவப்பாகவோ கறுப்பாகவோ ரத்தம்.
வழக்கம் மாறிப்போவது: திடீரென்று மலச்சிக்கல், இல்லை அடிக்கடி பேதி, இல்லை இரண்டும் மாறி மாறி.
மலம் மெலிசாகப் போவது.
போய்விட்டு வந்தும் இன்னும் பாக்கி இருக்கிற மாதிரி உணர்வு.
வயிற்றில் விட்டு விட்டு வலி, உப்புசம்.
காரணம் இல்லாமல் எடை குறைவது.
ரத்தசோகை, தீராத அசதி.

கடைசியாகச் சொன்னது பெண்களுக்கு ரொம்ப முக்கியம். நமக்கு ரத்தம் குறைந்தால் மாதவிலக்கு என்று விட்டுவிடுகிறோம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறோம், கொஞ்சம் ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது. மாதவிலக்கு நின்ற பிறகும் ஒரு பெண்ணுக்கு இரும்புச்சத்து குறைந்துகொண்டே போகிறது என்றால், ரத்தம் எங்கோ கசிந்துகொண்டிருக்கலாம். அது குடலா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

டாக்டர் கையுறை போட்ட விரலால் ஆசனவாய்க்குள் தொட்டுப் பார்ப்பார். இரண்டு நிமிஷம்கூட ஆகாது. மலக்குடலில் கீழே இருக்கும் கட்டிகள் பல அதிலேயே தட்டுப்பட்டுவிடும். நம்ம நாட்டில் குடலின் இந்தக் கீழ்ப்பகுதியில்தான் கணிசமாக வருகிறது. கூச்சமாக இருந்தால் பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம், துணைக்கு ஒரு குழு உறுப்பினரைக் கூட்டிப் போகலாம். தொட்டுப் பார்க்காமல், கேட்டதை மட்டும் வைத்து மூல மாத்திரை எழுதிக் கொடுத்தால், "ஒருமுறை பார்த்துடுங்க டாக்டர்" என்று நாமே சொல்ல வேண்டும்.

அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால், உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பொதுவாக 40 வயதில், அல்லது அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்னதாக, எது முதலில் வருகிறதோ அப்போது. அண்ணனுக்கு 45-ல் வந்தது என்றால் தங்கை 35-ல் டாக்டரிடம் பேச வேண்டும். குடும்பத்தில் வந்ததை மறைப்பது இங்கேதான் உயிருக்கு ஆபத்தாகிறது. சம்பந்தம் தடைப்படும் என்று மூடி வைத்தால், அடுத்த தலைமுறைக்கு எச்சரிக்கை போய்ச் சேராது.

கண்டுபிடித்துவிட்டால்?

கண்டுபிடித்தால் வழி இருக்கிறது. அறுவை சிகிச்சை, மருந்து, மலக்குடல் என்றால் கதிர்வீச்சு என்று நிலைக்குத் தகுந்த மாதிரி செய்வார்கள். சிலருக்கு வயிற்றில் ஒரு திறப்பு வைத்துப் பை மாட்டுவார்கள். அது கொஞ்ச நாளைக்காகவும் இருக்கலாம், நிரந்தரமாகவும் இருக்கலாம். பை மாட்டியவர் சமைக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் காட்சிக்கு வரலாம், நம்ம குழுக் கூட்டத்திலும் உட்காரலாம். அவரைத் தள்ளி உட்கார வைக்காமல் இருப்பது நம்ம கையில் இருக்கிறது.

எங்கே போவது? முதலில் ஆரம்ப சுகாதார நிலையம், அல்லது அரசு மருத்துவமனை. நிலக்கரி நிறுவனத்தில் வேலை பார்க்கும் குடும்பமாக இருந்தால் நகரியத்தில் உள்ள பொது மருத்துவமனை. அங்கிருந்து தேவைப்பட்டால் புதுச்சேரி ஜிப்மர், காஞ்சிபுரம் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, அடையாறு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் அடங்கும். காப்பீட்டு அட்டை எடுக்காத உறுப்பினர் இருந்தால், நோய் வந்த பிறகு அலையாமல் இப்போதே எடுத்து வையுங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் பலர் சுய உதவிக் குழுக்களில் இருந்து போனவர்களே. சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க வரும் அந்தச் சகோதரியிடம் இந்த விஷயத்தையும் வாய்விட்டுச் சொல்லலாம். அவர் நம்ம ஆள்.

நமக்கான தீர்மானம்

இந்திய மாதர் சங்கத்துப் பெண்களிடம் முதலில் இருந்ததும் ஒரு கூட்டமும் ஒரு தீர்மானமும்தான். நம்மிடமும் அவை இருக்கின்றன. அதனால் கூட்டமைப்பு உறுப்பினர்களுக்கு மூன்று யோசனைகள்.

ஒன்று, வருஷத்தில் ஒரு குழுக் கூட்டம் உடம்பைப் பற்றிப் பேசுவதற்கு. முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஜூலை 30-ஐ ஒட்டி வைத்துக்கொள்ளலாம். மார்பகம், கருப்பைவாய், வாய், குடல் என்று எல்லாவற்றையும் கூச்சமில்லாமல் பேச வேண்டும்.

இரண்டு, மருத்துவப் பரிசோதனைக்காக உள்கடன் கேட்கும் உறுப்பினருக்கு முதல் இடம். கல்யாணக் கடன் ஒரு மாசம் தள்ளிப் போகலாம். கட்டி காத்திருக்காது.

மூன்று, தனியாகப் போகப் பயப்படும் உறுப்பினரோடு ஊக்குநரோ பிரதிநிதியோ கூடப் போக வேண்டும். பஸ் ஏறும்போது பக்கத்தில் ஒருத்தி இருந்தாலே பாதி பயம் போய்விடும்.

நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் அக்காவால் தன் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. அவர் கட்டிய ஆஸ்பத்திரியில் அதற்குப் பிறகு எத்தனையோ தங்கைகள் பிழைத்து வீடு திரும்பினார்கள். அடுத்த கூட்டத்தில் சந்தா வசூல் முடிந்ததும், தீர்மானப் புத்தகத்தை மூடுவதற்கு முன்னால், "யாருக்காவது மூணு வாரமா ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.